டேங்குக்கு ஏற்ற மோட்டார்: ஜவ்வாது மலைச் சாலையில் பிக்கப் தண்ணீர் அமைப்பு

பிக்கப் வண்டியின் பின்பாடியில் ஒரு தண்ணீர் டேங்க், அதிலிருந்து இழுத்துத் தள்ளும் 12 வோல்ட் மோட்டார், இரண்டுக்கும் இடையில் ஒரு வடிகட்டி, பின்கதவருகே ஒரு குழாய், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச். வண்டிக்குள் பொருத்தும் அழுத்தத் தண்ணீர் அமைப்பில் இருப்பவை இவ்வளவுதான். குழாயைத் திறந்தால் மோட்டார் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். படகுகளிலும் வெளிநாட்டுக் கேம்பர் வண்டிகளிலும் நெடுங்காலமாக இருந்துவரும் இந்த ஏற்பாட்டை, இன்று தனித்தனிப் பாகங்களாக வாங்கி பொலேரோ கேம்பர், இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என எந்தப் பிக்கப்பிலும் ஒரு நாளில் பொருத்திவிடலாம். டாடா ஏஸ் என்னும் குட்டி யானையிலும் முடியும்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை இந்த அமைப்பைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலைகள் வளைவும் சரிவுமாகப் போகின்றன. சிற்றூர்களுக்குப் பிரியும் பாதைகள் பலவும் கரடுமுரடானவை. மழைக்காலத்தில் ஓடைகளில் தண்ணீர் இருந்தாலும் கலங்கலாக இருக்கும், கோடையில் அந்த ஓடைகளே வறண்டுவிடும். சாமை வயலில் மருந்தடிக்கப் போகிறவர், நடமாடும் மருத்துவ முகாம் நடத்துகிறவர், கள ஆய்வுக்குத் தங்குகிறவர், பீமன் அருவிப் பக்கம் குடும்பத்தோடு வருகிறவர் என எல்லாருக்கும் கைகழுவவும் பாத்திரம் துலக்கவும் உடம்பைக் கழுவவும் தண்ணீர் வேண்டும். கேனைச் சாய்த்து ஊற்றினால் பாதித் தண்ணீர் தரையில் போய்விடும். அந்தப் பாதியை மிச்சப்படுத்துவதே அழுத்த அமைப்பின் முதல் பயன். வசதி அதற்கு அடுத்ததுதான்.

டேங்கை உயரத்தில் வைத்தால் மோட்டார் எதற்கு என்ற கேள்வி இயல்பானது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். கேபின் கூரையில் டேங்க் வைத்து ஒரு மீட்டர் கீழே குழாய் வைத்தால் கிடைப்பது 0.1 பார். மாடித் தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு வருவதில் ஒரு சிறு பங்குதான் இது. கைகழுவப் போதும், ஆனால் மெல்லிய துளையுள்ள ஷவர் தலையோ ஸ்பிரே முனையோ இந்த அழுத்தத்தில் வேலை செய்யாது. தண்ணீரைச் சிக்கனமாக்குவது அந்த மெல்லிய துளைதான் என்பதால் மோட்டார் தேவைப்படுகிறது. மலைச்சாலையில் கூரை மேல் எடை ஏற்றுவது ஆபத்து என்பது அடுத்த காரணம்.

மோட்டார் வாங்கும் முன் டேங்கைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலோர் நேர்மாறாகச் செய்கிறார்கள். விளம்பரத்தில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று பார்த்துப் பெரிய மோட்டாரை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு டேங்க் தேடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. வண்டியின் சுமைத்திறன் காகிதத்தில் எவ்வளவு இருந்தாலும், பயணிகளும் சாமானும் போக மலையேறும் வண்டியில் நிம்மதியாக ஏற்றக்கூடியது 50 முதல் 60 லிட்டர்தான். நாலு பேர் ஒரு இரவு தங்கிக் கைகால் கழுவி, பாத்திரம் துலக்கி, ஆளுக்கு ஒரு சிறு குளியல் போட இது போதும். குடிநீர்க் கேன் தனியாக இருக்க வேண்டும்.

ஊரில் எளிதாகக் கிடைப்பது 200 லிட்டர் நீல டிரம். வயல் வேலைக்குச் சமவெளியில் அது சரி, மலைச்சாலைக்குச் சரிப்படாது. அரை டிரம் தண்ணீர் என்றால் நூறு கிலோ எடை, அதுவும் நிலையில்லாத எடை. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது தண்ணீர் வெளிப்பக்கம் ஏறிக்கொள்ளும், வளைவு முடிந்ததும் திரும்பி வந்து எதிர்ப்பக்கம் மோதும். அடுத்த வளைவு எதிர்த்திசையில் என்றால் அந்த மோதலும் புது வளைவின் இழுப்பும் ஒன்று சேரும். லாரி டேங்கர்களுக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் டேங்குக்குள் தடுப்பு வைக்க முடியாது.

இதற்கு நல்ல தீர்வு, ஒரு 60 லிட்டர் டேங்குக்குப் பதில் தட்டையான இரண்டு 30 லிட்டர் கேன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பால் வால்வு வைத்து, இரண்டையும் ஒரு டீயில் சேர்த்து மோட்டாருக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றைத் திறந்து தீரும்வரை பயன்படுத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். அப்போது எந்த நேரத்திலும் ஒரு கேன் முழுதாக நிரம்பியோ முழுதாகக் காலியாகவோ இருக்கும். அலைமோதுவது பயன்பாட்டில் இருக்கும் கேன் மட்டுமே, அதிலும் எடை 30 கிலோவுக்கு உள்ளேதான். ஒரு கேன் விரிசல் விட்டாலும் பாதித் தண்ணீர் மிஞ்சும். கேனைக் கழற்றி ஊர்க் குழாயடிக்குத் தூக்கிப் போய் நிரப்பி வரலாம் என்பது மலையில் இன்னும் பெரிய வசதி, ஏனென்றால் குழாயடி இருக்கும் இடத்துக்கெல்லாம் வண்டி போகாது.

கேன்கள் நிற்க வேண்டிய இடம் கேபினின் முதுகை ஒட்டி, தரைமட்டத்தில், பின் அச்சுக்கு முன்னால். பின்கதவருகே வைத்தால் குழாய் கிட்டத்தில் இருக்கும் என்று அங்கே வைப்பவர்கள் உண்டு. பின் அச்சுக்கு அப்பால் வைக்கும் எடை முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், ஏற்றத்தில் ஸ்டியரிங் இலேசாகும். டேங்கைக் கேபின் பக்கம் தள்ளிவிட்டு, பின்கதவுவரை ஹோஸை நீட்டுவதே முறை. கட்டுவதற்குப் பாடியில் ஏற்கெனவே உள்ள கொக்கிகளும் ராட்செட் பெல்ட்டும் போதும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டு, முன்னும் பின்னும் மரச்சட்டம் தடுப்பாக வைத்தால் கேன் நகராது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பாடியில் வெல்டிங் வைக்காமல், துளை போடாமல், கழற்றக்கூடிய சாமானாகவே எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது சட்டத்துக்கும் நல்லது, வண்டியை விற்கும் நாளுக்கும் நல்லது.

தண்ணீர் வெளியேறும் துளை எந்தப் பக்கம் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். சமவெளியில் அது சின்ன விஷயம்தான், ஆனால் மலையில் வண்டி நிற்கும் இடம் சமமாக இருப்பது அரிது. வண்டியின் நீளவாக்கில் 60 சென்டிமீட்டரும் குறுக்கே 40 சென்டிமீட்டரும் அடிப்பரப்புள்ள டேங்கை எடுத்துக்கொண்டால், பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அதன் இரு முனைகளுக்கும் 6 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வரும். துளை மேட்டுப்பக்கம் மாட்டிக்கொண்டால் 7 லிட்டருக்கு மேல் தண்ணீர் எதிர்மூலையில் தேங்கி, எடுக்க வராது. துளையைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு, வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தினால் கடைசித் துளிவரை இறங்கும்.

இனி மோட்டார். சந்தையில் மூன்று வகை உண்டு. தண்ணீருக்குள் முக்கிவைக்கும் சிறிய 12 வோல்ட் பம்ப் மிக மலிவு. ஆனால் அது விசிறி சுழற்றித் தள்ளும் வகை என்பதால் அழுத்தம் குறைவு, குழாயை மூடினால் தானே நிற்கவும் தெரியாது. அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டும் டயாஃப்ரம் வகை. மோட்டாரின் அச்சு சுழலும்போது சாய்ந்த தகடு ஒன்று ஆடி, இரண்டு மூன்று ரப்பர் சவ்வுகளை மாறி மாறி அழுத்தும். ஒவ்வொரு சவ்வுக்கும் உள்ளே விட ஒரு சிறு வால்வு, வெளியே விட ஒரு சிறு வால்வு. வெளிவாயில் இருக்கும் அழுத்த சுவிட்ச், குறித்த அளவு எட்டியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும், அழுத்தம் இறங்கியதும் மீண்டும் இணைக்கும். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலும் இந்த வகை உடனே கெடாது. மோட்டார் டேங்கைவிடச் சற்று மேலே இருந்தாலும் தானே இழுத்துக்கொள்ளும். இதே மலையில் வைணு பாப்பு வானோக்ககம் இருக்கும் காவலூரின் உயரம் 725 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட எட்டு சதவீத அளவே குறைவு என்பதால் இழுக்கும் திறனில் வித்தியாசம் தெரியாது.

டயாஃப்ரம் வகையில் ஒன்று, ஷுர்ஃப்ளோ, சீஃப்ளோ போன்ற பெயர்களில் வரும் கேம்பர் மோட்டார். நிமிடத்துக்கு 11 லிட்டர் அளவில் தள்ளும், 3 முதல் 4 பாருக்குள் நிற்கும், 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விலை சில ஆயிரம். அடியில் ரப்பர் கால்கள் உண்டு, சத்தம் அடக்கமானது, பாகங்கள் தனியாகக் கிடைக்கும். இன்னொன்று, முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருக்கும் சின்ன மோட்டார். நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவு, 3 ஆம்பியர் அளவு, விலை சில நூறு. அடிவார ஊர்களின் விவசாய மருந்துக் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். புது மோட்டாராகத்தான் வாங்க வேண்டும். மருந்து ஓடிய பழைய மோட்டாரைத் தண்ணீருக்கு வைக்கவே கூடாது.

தனியாகப் பார்த்தால் கேம்பர் மோட்டாரே உயர்ந்த பொருள், அதில் சந்தேகமில்லை. 60 லிட்டரோடு சேர்த்துப் பார்க்கும்போது கணக்கு மாறுகிறது. குழாய் முழுதாகத் திறந்திருந்தால் அது ஆறு நிமிடத்துக்குள் இரண்டு கேனையும் காலியாக்கிவிடும். ஸ்பிரேயர் மோட்டாருக்கு அதே தண்ணீர் கால் மணி நேரம் வரும். சோப்பு போட்ட கைக்கு நிமிடத்துக்கு 4 லிட்டர் தாராளம். மெல்லிய துளை முனையோடு உடம்பு கழுவவும் அது போதும். சேறு படிந்த வண்டியைக் கழுவத்தான் போதாது, ஆனால் சுமந்து ஏற்றிய தண்ணீரில் மலை மேல் வண்டி கழுவ வேண்டியதில்லை. எனவே 60 லிட்டர் வரை ஸ்பிரேயர் மோட்டாரே சரியான தேர்வு. நூறு லிட்டருக்கு மேல் ஏற்றும் மருத்துவ முகாம் வண்டிக்கும், இரண்டு குழாய் ஒரே நேரத்தில் ஓட வேண்டிய வண்டிக்கும் கேம்பர் மோட்டார் வாங்கலாம்.

ஸ்பிரேயர் மோட்டாரில் ஒரு குறை உண்டு, அதைச் சரிசெய்யாமல் பொருத்தக் கூடாது. மருந்தைப் புகையாக அடிப்பதற்காகச் செய்தது என்பதால் பெரும்பாலும் 100 பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 7 பார் வரை அழுத்தம் ஏற்றிவிட்டுத்தான் நிற்கும். சாதாரண பிளாஸ்டிக் குழாயும் ஹோஸ் இணைப்பும் அந்த அழுத்தத்தில், அதுவும் வெயிலில் சூடேறிய நிலையில், முதலில் கசியும், பிறகு கழன்றுகொள்ளும். பல மாடல்களில் அழுத்த சுவிட்சின் தலையில் ஒரு சிறு திருகு இருக்கும். குழாயை மூடி, வெளிவாயில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, திருகைக் கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தால் முள் 3 பாரில் நிற்கும் இடம் கிடைத்துவிடும். அந்த இடத்தில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் வண்டி அதிர்ந்தாலும் திருகு நகராது. திருகு இல்லாத மாடலைத் தவிர்க்க வேண்டும்.

குழாயை நூல் அளவுக்குத் திறந்து வைக்கும்போது மோட்டார் விட்டு விட்டு டக் டக் என்று அடிக்கும். அழுத்தம் நொடியில் ஏறி, நொடியில் இறங்குவதால் வரும் சத்தம் இது. சுவிட்சின் முனைகள் தேய்வதும் இப்படித்தான். மோட்டாருக்குப் பின்னால் ஒரு லிட்டர் அளவில், உள்ளே காற்றுப்பை வைத்த சிறு அழுத்தக் கலம் பொருத்தினால் இது அடங்கும். மோட்டார் மறுபடி தொடங்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாகச் சைக்கிள் பம்பால் அதில் காற்று நிரப்ப வேண்டும். இரவில் யாராவது கைகழுவும்போது மோட்டார் எழும்பாமலே கொஞ்சம் தண்ணீர் வரும் என்பது உபரி வசதி. செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் விடக்கூடிய பாகமும் இதுதான். குழாயை முழுதாகத் திறந்து மூடும் பழக்கமிருந்தால் இது இல்லாமலும் ஓடும்.

வடிகட்டியை மட்டும் விடக் கூடாது. மோட்டாருக்கு முன்னால், கண்ணாடிக் கிண்ணம்போல் உள்ளே தெரியும் 50 மெஷ் வலை வடிகட்டி வேண்டும். மழைக்காலத்து மலைத் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் ஓட்டினால் அந்தக் கிண்ணத்தின் அடியில் செம்மண் வண்டலும் இலைத் துணுக்கும் படிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். வலை இல்லாவிட்டால் அதெல்லாம் மோட்டாரின் ரப்பர் வால்வுகளுக்குள் போயிருக்கும். ஒரு மணல் துகள் வால்வில் சிக்கினால் அழுத்தம் நிற்காது, குழாய் மூடியிருந்தாலும் மோட்டார் அவ்வப்போது தானாக ஓடும். அப்படி ஓடினால் கழற்றிக் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். இந்த வலை மோட்டாரைக் காக்க மட்டுமே. குடிக்க வேண்டுமானால் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். ஜமுனாமரத்தூர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்குச் சற்று மேலே கொதித்துவிடும், கிருமி சாக அது போதும்.

டேங்கிலிருந்து மோட்டார் வரை போகும் ஹோஸ் நூல் பின்னிய தடித்த வகையாக இருக்க வேண்டும், சாதாரண ஹோஸ் உறிஞ்சும் இழுப்பில் சப்பிக்கொள்ளும். மோட்டாரைச் செங்குத்தாகப் பொருத்தினால் தண்ணீர் ஓடும் தலை கீழே வர வேண்டும், கசிந்தாலும் மின்பக்கம் போகாது. செம்மண் தூசு பறக்கும் பாதை என்பதால் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதை வைப்பது நல்லது. இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப்பும் ஸ்டெயின்லெஸ் கிளிப்பும் போதும், ஆனால் முதல்முறை மலையேறி இறங்கியதும் எல்லாக் கிளிப்பையும் ஒருமுறை முறுக்கிவிட வேண்டும்.

மின்சாரத்தில் மிச்சம் பிடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. முன்பக்கப் பேட்டரியிலிருந்து பின்பாடி வரை போக வர 10 மீட்டர் ஒயர் ஆகும். 1.5 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயரில் 8 ஆம்பியர் ஓடும் கேம்பர் மோட்டாருக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டார் மந்தமாகி, சூடாகி, நிற்க வேண்டிய அழுத்தத்தை எட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் சிலவற்றின் உண்மைக் காரணம் இதுவே. 4 ஸ்கொயர் ஒயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கும். ஸ்பிரேயர் மோட்டாருக்கு 2.5 ஸ்கொயர் போதும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைக்க வேண்டும். பெரிய மோட்டாருக்கு 15 ஆம்பியர், சின்னதுக்கு 7.5 ஆம்பியர். வண்டியின் சொந்த ஒயரிங்கை வெட்டி அதிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது. தகடு கூர்மையாக இருக்கும் துளைகளில் ரப்பர் புஷ் இல்லாமல் ஒயரை நுழைக்கவும் கூடாது.

பேட்டரி இறங்கிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. 60 லிட்டரும் ஓடி முடிய ஸ்பிரேயர் மோட்டார் எடுப்பது ஒரு ஆம்பியர்-மணிக்கும் குறைவு. 60, 70 ஆம்பியர்-மணி கொண்ட வண்டி பேட்டரிக்கு அது பொருட்டே இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரவில் ஒரு இணைப்பு கழன்றால் அழுத்தம் ஏறாது, மோட்டார் நிற்காது. டேங்க் காலியான பிறகும் அது விடியும்வரை ஓடும். ஒன்பது மணி நேரத்துக்கு ஸ்பிரேயர் மோட்டார் 27 ஆம்பியர்-மணி வரையும் கேம்பர் மோட்டார் 65 வரையும் இழுக்கக்கூடும். காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம், அந்த மலையில் இன்னொரு வண்டி எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. எனவே உள்ளே விளக்கு எரியும் சுவிட்சாக வாங்கிக் கேபினில் கண்ணில் படும் இடத்தில் வைத்து, படுக்கப் போகுமுன் அணைக்க வேண்டும்.

மோட்டாரே வேண்டாம் என்று கூரைக் கேரியரில் கறுப்பு பி.வி.சி. குழாய் கட்டி, அதில் தண்ணீர் நிரப்பி, டயர் பம்பால் காற்றடிக்கும் வழக்கமும் பரவிவருகிறது. வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகும் என்பது அதன் கவர்ச்சி, மலைக்குளிருக்கு அது பெரிய கவர்ச்சிதான். ஆனால் நாலு அங்குலக் குழாய் ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தாலும் 12 லிட்டர் அளவே பிடிக்கும். அதைவிடப் பெரிய தடை பாதுகாப்பு. இந்தியத் தரம் ஐ.எஸ். 4985இன்படி இந்தக் குழாய்களின் அழுத்த அளவு 27 டிகிரி வெப்பத்துக்குக் குறித்தது. கறுப்படித்து வெயிலில் காய்ந்த குழாய் அதைவிடப் பல டிகிரி சூடேறி வலுவிழக்கும். தண்ணீர் மட்டும் இருந்தால் விரிசலோடு முடியும். அடைத்த காற்று இருந்தால் குழாய் சில்லுச் சில்லாக வெடித்துத் தெறிக்கும். பி.வி.சி. குழாயில் காற்றை அழுத்தி அடைப்பதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. வெதுவெதுப்பு வேண்டுமென்றால் கேன்களில் ஒன்றைக் கறுப்பு நிறத்தில் வாங்கி, வண்டி நிற்கும்போது பிற்பகல் வெயிலில் இறக்கி வைத்தால் போதும்.

கேனின் நிறத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. வெளிச்சம் புகும் வெள்ளைக் கேனில் சில நாட்களிலேயே பாசி பிடிக்கும். கறுப்பு இல்லையென்றால் சாக்குத் துணியாவது சுற்ற வேண்டும். மூடியில் காற்று போக ஒரு துளை அவசியம், இல்லாவிட்டால் மோட்டார் உறிஞ்ச உறிஞ்சக் கேன் ஒடுங்கும். அந்தத் துளைக்குக் கொசுவலை கட்ட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இப்படித் தேங்கிய சுத்தமான தண்ணீரைத்தான். குளிர் நாடுகளில் இத்தகைய அமைப்புக்குப் பெரும் தொல்லையான உறைபனி ஜவ்வாது மலையில் பொருட்டல்ல, அதற்கான வடிகால் வால்வுகளும் போர்வைகளும் இங்கே வீண் செலவு.

மாதம் ஒருமுறை 5 சதவீத குளோரின் பிளீச்சிங் திரவத்தை லிட்டருக்கு ஒரு மில்லி, அதாவது 60 லிட்டருக்கு 60 மில்லி கலந்து, குழாயில் குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு, நாலு மணி நேரம் ஊறவைத்து, பிறகு வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். செய்யாற்றின் பிறப்பிடம் இந்த மலை என்பதால், அலசிய தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் ஓடையிலிருந்து தள்ளி, மண் உறிஞ்சும் இடத்தில் விட வேண்டும். நீண்ட நாள் வண்டியை எடுக்காமல் வைப்பதாக இருந்தால் கேன்களைக் காலி செய்து, குழாயைத் திறந்து, காற்று மட்டும் வரும்வரை மோட்டாரை ஓட்டி நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும்.